கடையை விற்பதற்கு முன் ஒரு முறை ஊதிப் பாருங்கள்



இந்தப் பத்தியில் வழக்கமாக மிளகு விலை, திரும்பி வரும் காசோலை, வங்கிக் கடன், பங்காளிகளுக்கிடையிலான கணக்கு வழக்கு என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை மூச்சைப் பற்றி எழுதப் போகிறேன். வைத்தியம் படித்தவன் அல்ல நான். ஆனாலும் இது வியாபார விடயம்தான். 2023ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் ஒரு மனிதரின் மூச்சுக்காக ஒரு கடையை விற்கப் புறப்பட்டது. முற்பணம் கைமாறுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு நின்றது. அது ஏன் நின்றது என்பதை நீங்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

என் மூத்த நானாவும் நானும் கண்டி - மாத்தளை வீதியில், அக்குறணைப் பக்கத்தில் பலசரக்கு வியாபாரம் செய்கிறோம். கராம்பு, மிளகு, ஏலம், மல்லி, கொச்சிக்காய். பின்பக்கம் ஓர் அரவை அறை. வாப்பா காலத்துக் கடை. நானா பதினெட்டு வயதில் சிகரட் பிடிக்கத் தொடங்கியவர். ஐம்பது தாண்டும்போது காலை இருமல் வந்தது. "சிகரட் பிடிக்கிறவனுக்கு இது சாதாரணம்" என்றார். பிறகு இழுப்பு வந்தது. ஊரில் ஒரு டிஸ்பென்சரியில் ஆஸ்துமா என்றார்கள். பாணி மருந்து, குளிசை, இழுப்புக் கூடினால் ஆவி பிடித்தல் என்று பன்னிரண்டு வருடம் போயிற்று. சிகரட் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வீதியிலிருந்து பத்தொன்பது படிகள். முதலில் நானா ஏழாவது படியில் நிற்பார். பிறகு நான்காவது படியில். சுஜூதுக்குக் குனிந்தால் மூச்சு முட்டுகிறது என்று கதிரையில் தொழத் தொடங்கினார். கடைசியில் கல்லாவில் உட்காரவும் வர முடியாமல் போனது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஓர் ஏஜண்ட் வந்து சேர்ந்தார். இந்தியாவுக்கு நோயாளிகளை அனுப்புவது அவர் தொழில். "புதிய சிகிச்சை வந்திருக்கிறது ஹாஜியார், நெஞ்சைக் கீறாமல் உள்ளே வால்வு வைப்பார்கள். அது சரிவராவிட்டால் நுரையீரலையே மாற்றலாம்" என்றார். அவர் சொன்ன மொத்தத் தொகை எங்கள் கடையின் பெறுமதிக்குக் கிட்ட வந்தது. 2022இல் டொலர் ஏறிய பிறகு வெளிநாட்டு வைத்தியச் செலவு என்ன நிலைக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"காசு போனாப் போகட்டும் தம்பி, இந்த மூச்சு வந்தாப் போதும்" என்றார் நானா. அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? காணி புரோக்கருக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு தாதியின் கேள்வி

எங்கள் கடைக்கு மாதாமாதம் கறித்தூள் வாங்க வரும் ஓய்வுபெற்ற சிங்களத் தாதி ஒருவர் இருக்கிறார். விடயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஊதிப் பார்த்தார்களா முதலாளி? எத்தனை வீதம்?"

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் நானாவை யாரும் ஊதச் சொன்னதே இல்லை. ஒரு மூடை மிளகு வாங்கினால்கூட ஈரம் எவ்வளவு, தூசு எவ்வளவு என்று பார்க்காமல் காசு கொடுக்காத நாங்கள், நோய் என்னவென்று அளந்து பார்க்காமலே கடையை விற்க நின்றோம். அன்றைக்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஸ்பைரோமெட்ரி என்பது அந்தப் பரிசோதனையின் பெயர். கத்தி இல்லை, ஊசி இல்லை. மூச்சை முழுதாக உள்ளே இழுத்து, ஒரு குழாயில் முழு பலத்தோடு, காற்று முடியும்வரை ஊத வேண்டும். பிறகு பம்ப் அடித்துவிட்டு மீண்டும் ஊத வேண்டும். மொத்தக் காற்றில் எத்தனை பங்கு முதல் ஒரு செக்கனில் வெளியே வருகிறது என்று மெஷின் சொல்லும். பம்ப் அடித்த பின்னும் அந்தப் பங்கு 70 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் காற்றுப் பாதை அடைபட்டிருக்கிறது என்று பொருள். கண்டியிலும் பேராதனையிலும் உள்ள பெரிய அரச வைத்தியசாலைகளில் சுவாச நோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. நாங்கள் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம்.

நானாவின் முதல் செக்கன் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 38 வீதம். பம்ப் அடித்த பின்னும் பெரிதாக ஏறவில்லை. "இது ஆஸ்துமா மட்டும் இல்லை. சி.ஓ.பி.டி." என்றார் வைத்தியர். தமிழில் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்பார்கள். ஆஸ்துமாவில் சுருங்கிய குழாய் மருந்துக்குப் பெரும்பாலும் மீண்டும் விரியும். இதில் காற்றுப் பைகளே கிழிந்து, ஊதிப் பெருத்துக் கிடக்கும். கிழிந்தது மீண்டும் முளைக்காது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2021இல் மட்டும் சுமார் 35 இலட்சம் பேர் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். உலகில் மரணத்துக்கான நான்காவது பெரிய காரணம் இது.

புதிய மருந்துகள்: யாருக்கு?

அதன் பிறகு நான் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஏஜண்ட் சொன்னது முழுப் பொய் அல்ல. புதிய சிகிச்சைகள் உண்மையாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நுரையீரலுக்கு மட்டும் பொருந்துவது. ஒருவருடைய சட்டையை மற்றவருக்குப் போட முடியாதது போலத்தான்.

முதலில் பம்ப். முன்பு நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை அடிக்கும் நீல நிறப் பம்ப்தான் நமக்குத் தெரியும். இப்போது ஒரு முறை இழுத்தால் 24 மணித்தியாலம் வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்த பம்ப் 2017இல் வந்தது. நோன்பு காலத்தில் பம்பை நிறுத்திவிட்டு, பத்தாம் நோன்பில் வைத்தியசாலைக்குப் போகிற எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம். நாளுக்கு ஒரு தடவை எடுக்கும் பம்பை ஸஹருடனோ இஃப்தாருக்குப் பிறகோ எடுத்துக்கொள்ளலாமா என்று ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது ஊசி. கடுமையான ஆஸ்துமாவுக்கு 2003இல் ஒமலிசுமாப் என்ற ஊசி அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அதன் பின் அந்த வகையில் பல ஊசிகள் வந்தன. 2024இல் டுபிலுமாப் என்ற ஊசி சி.ஓ.பி.டி.க்கும் அங்கீகாரம் பெற்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். நோய் திடீரென்று முற்றி வைத்தியசாலைக்கு ஓடும் தடவைகளை இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. ஆனால் இரத்தத்தில் இயோசினோபில் என்ற ஒரு வகை அணுக்கள் 300க்குக் குறையாமல் உள்ளவர்களிடம்தான் அந்த ஆய்வுகள் நடந்தன. சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விடயம் இது. நானாவுக்கு அந்த எண்ணிக்கை 120. ஆகவே அந்த விலை உயர்ந்த ஊசி அவருக்கானது அல்ல என்பது மிகச் சொற்பச் செலவில் தெரிந்துவிட்டது.

களஞ்சிய அறையும் கெட்டுப்போன சரக்கும்

சத்திரசிகிச்சை விடயத்தை நம் பாஷையில் சொல்கிறேன். களஞ்சிய அறையில் பாதியைக் கெட்டுப்போன சரக்கு பிடித்திருந்தால் நல்ல சரக்குக்கு இடமிராது. கெட்டதை அப்புறப்படுத்தினால் அறை பெரிதாகாது, ஆனால் நல்லதுக்கு இடம் கிடைக்கும். ஊதிப் பெருத்த நுரையீரலும் அப்படித்தான். கெட்ட பகுதி நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டு நல்ல பகுதியை விரியவிடாது. அந்தக் கெட்ட பகுதியை வெட்டி எடுக்கும் யோசனையை 1950களிலேயே அமெரிக்காவில் பிரான்டிகன் என்ற வைத்தியர் செய்து பார்த்தார். அப்போது மரணங்கள் அதிகமாக இருந்ததால் கைவிடப்பட்டது. 1990களில் ஜோயல் கூப்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதை மீண்டும் கொண்டுவந்தார்.

பிறகு அமெரிக்காவில் 1,218 நோயாளிகளை வைத்துப் பெரிய ஆய்வு செய்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரலின் மேற்பகுதி மட்டும் அதிகம் கெட்டு, நடக்கும் சக்தியும் குறைந்திருந்தவர்களுக்கு ஆயுளும் கூடியது, மூச்சும் இலேசானது. ஆனால் ஏற்கனவே மிக மோசமான நிலையில் இருந்த ஒரு பிரிவினரில், சத்திரசிகிச்சை நடந்து 30 நாட்களுக்குள் நூற்றுக்குப் பதினாறு பேர் இறந்தார்கள். ஒரே சிகிச்சைதான். ஒருவருக்கு ஆயுளைக் கூட்டியது, மற்றவருக்கு ஆயுளை முடித்தது.

ஏஜண்ட் சொன்ன வால்வு இதன் புதிய வடிவம். நெஞ்சைத் திறப்பதில்லை. வாய் அல்லது மூக்கு வழியாகக் குழாய் விட்டு, கெட்ட பகுதிக்குப் போகும் காற்றுக் குழாய்களில் சிறிய ஒருவழி வால்வுகளை வைக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு வால்வுகள். காற்று வெளியே போகும், உள்ளே வராது. கெட்ட பகுதி சுருங்கிவிடும். செபிர் என்ற இந்த வால்வு 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமான ஆய்வில் 190 பேர் இருந்தார்கள். வால்வு வைத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஊதும் சக்தி 15 வீதமோ அதற்கு மேலோ ஏறியது. வைக்காதவர்களில் அப்படி ஏறியது ஆறில் ஒருவருக்குத்தான். மறுபக்கத்தில், வால்வு வைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தது. அது உயிராபத்தாகவும் மாறலாம். எனவேதான் வைத்த பிறகு சில நாட்கள் வைத்தியசாலையிலேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

இங்கேயும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு மடல். மடல்களுக்கிடையே ஒரு சுவர் உண்டு. சிலருக்கு அந்தச் சுவர் முழுமையாக இராது. முன்கதவைப் பூட்டினாலும் அடுத்த அறைச் சுவரில் ஓட்டை இருந்தால் எலி வரும்தானே? அதேபோல பக்கத்து மடலிலிருந்து காற்று வந்து நிரம்பிவிடும். வால்வு வைத்தும் பயனில்லை. இதைச் சீ.ரி. ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

ஏஜண்ட் எங்களிடம் கடவுச்சீட்டைக் கேட்டார், முற்பணத்தைக் கேட்டார். சீ.ரி. ஸ்கேனைக் கேட்கவில்லை. கிளினிக் வைத்தியரின் ஆலோசனைப்படி ஸ்கேன் எடுத்து, அந்த இறுவட்டை நாங்களே சென்னையில் இந்தச் சிகிச்சை செய்யும் ஒரு நிபுணருக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. நோய் மேலும் கீழும் ஒரே மாதிரிப் பரவியிருக்கிறது, சுவர் முழுமையாக இல்லை, வால்வு பயன்படாது, வர வேண்டாம். மூன்றே மூன்று வரிகள். அல்ஹம்துலில்லாஹ், அந்த மூன்று வரிகள் எங்கள் கடையைக் காப்பாற்றின.

மாற்று நுரையீரல்

1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி என்பவர் முதலாவது நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தார். நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். அதற்குப் பிறகு இருபது வருடம் உலகத்தில் யாரும் நீண்ட வெற்றி காணவில்லை. 1983இல் கனடாவின் ரொறன்ரோவில், மேலே சொன்ன அதே கூப்பரின் குழுதான் வெற்றி கண்டது. அந்த நோயாளி ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

இன்று சென்னை இதற்குப் பெயர்பெற்ற நகரம். கொவிட் காலத்தில், 2020 ஓகஸ்டில், அங்குள்ள எம்.ஜி.எம். வைத்தியசாலையில் கொவிட்டால் நுரையீரல் இரண்டும் கெட்டுப்போன ஒருவருக்கு இரண்டையும் மாற்றினார்கள். எங்கள் கண்டியும் சளைத்ததல்ல. இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் கண்டி போதனா வைத்தியசாலையில்தான் நடந்தது.

ஆனால் மாற்று நுரையீரல் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல. மூளைச் சாவடைந்த ஒருவரின் குடும்பம் தானமாகக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதை அரசாங்கமே ஒரு பட்டியல் வைத்து நடத்துகிறது. தம் மாநிலத்தவருக்கு முதலிடம், பிறகு ஏனைய இந்தியர், வெளிநாட்டவர் கடைசியில். அது நியாயம்தான். அந்த வரிசையில் நின்று, சென்னையில் வீடு எடுத்து, ஒட்சிசனோடு எத்தனை மாதம் காத்திருப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைத்த பிறகும் உடல் அதை நிராகரிக்காமல் இருக்க ஆயுள் முழுதும் மருந்து வேண்டும். உலகக் கணக்கில், மாற்றிக்கொண்டவர்களில் பாதிப் பேரளவில்தான் ஆறேழு வருடத்தைத் தாண்டுகிறார்கள். இளம் வயதுக்காரருக்கு அந்த வருடங்கள் பெரிய நிஃமத். வயது 66, ஏற்கனவே இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரான நானாவுக்கு அது பொருந்தாது என்று இங்குள்ள வைத்தியரே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மார்க்கத்தில் இது கூடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இல் ஜித்தாவில் கூடியபோது, நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றை அனுமதித்தது. உறுப்பை விற்பதைத் தடுத்தது. உங்கள் விடயத்தில் உங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வேறு நோய்கள்

எல்லா மூச்சு நோயும் சி.ஓ.பி.டி. அல்ல. நுரையீரல் தழும்பு பிடித்து இறுகும் நோய் ஒன்று உண்டு. அதன் ஒரு வகைக்கு 2014இல் பிர்பெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அவை நோயைக் குணமாக்குவதில்லை, அது இறங்கும் வேகத்தைக் குறைக்கின்றன.

நீண்ட காலம் கடுமையாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் வருடாவருடம் எடுத்துப் பார்த்ததில், நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 வீதம் குறைந்ததாக 2011இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிறு துளைகள் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம்.

காசநோயை மறைக்கிறவர்கள் நம் வியாபாரிகளில் இன்னும் இருக்கிறார்கள். "கடைக்கு ஆட்கள் வரமாட்டார்கள்" என்ற பயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசாங்கத்தின் மார்பு நோய் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு முன்பு ஒன்றரை வருடத்துக்கு மேல் மருந்து தேவைப்பட்டது. 2022இல் உலக சுகாதார அமைப்பு அதற்கும் ஆறு மாத மருந்து முறையைப் பரிந்துரைத்திருக்கிறது.

மலிவானதுதான் பெரிய இலாபம்

"அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லையா?" என்று நானா வைத்தியரிடம் கேட்டார். "இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்ய வேண்டும்" என்றார் அவர்.

முதலாவது, சிகரட்டை அடியோடு விடுவது. ஓர் அமெரிக்க ஆய்வு ஆயிரக்கணக்கானவர்களைப் பதினொரு வருடம் பின்தொடர்ந்து 2002இல் கணக்குச் சொன்னது. தொடர்ந்து புகைத்த ஆண்களின் ஊதும் சக்தி வருடத்துக்கு 66 மில்லிலீற்றர் குறைந்தது. நிறுத்திய ஆண்களுக்கு 30 மில்லிலீற்றர். கடையில் வருடாந்த நட்டத்தைப் பாதிக்கு மேல் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டோமா? இன்னொன்றையும் கவனியுங்கள். வால்வு வைக்கவும், நுரையீரலை மாற்றவும்கூட, பல மாதங்களுக்கு முன்பே சிகரட்டை விட்டிருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. எத்தனை இலட்சம் வைத்திருந்தாலும் இந்த இலவச மருந்தைத் தாண்டி அந்தக் கதவுக்குள் போக முடியாது.

இரண்டாவது, மூச்சுப் பயிற்சி. வாரத்தில் சில நாட்கள், எட்டு வாரம். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது, அளந்து நடப்பது, கைகால்களுக்கு வலுவூட்டுவது. முதல் நாள் ஆறு நிமிடத்தில் நானா 170 மீற்றர் நடந்தார். எட்டு வாரம் கழித்து 245 மீற்றர். நுரையீரல் பழையதுதான். ஆனால் கால்கள் குறைந்த மூச்சில் வேலை செய்யப் பழகிவிட்டன.

மூன்றாவது, ஒட்சிசன். இரத்தத்தில் ஒட்சிசன் உண்மையாகவே மிகவும் குறைந்தவர்கள் நாளுக்கு 15 மணித்தியாலமாவது அதை எடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 1980, 81ஆம் ஆண்டுகளிலேயே ஆய்வுகள் காட்டின. நடுத்தரமாகக் குறைந்தவர்களுக்கு அதனால் அந்தப் பயன் கிடைக்கவில்லை என்று 2016இல் இன்னோர் ஆய்வு காட்டியது. எனவே, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று நீங்களும் மெஷின் வாங்காதீர்கள். அளந்து பார்த்து வைத்தியர் சொன்னால் மட்டும் வாங்குங்கள். நானாவுக்கு அது தேவைப்படவில்லை.

நான்காவது, பம்பைச் சரியாக இழுக்கப் பழகுவது. நானா அத்தனை வருடமும் பிழையாகத்தான் இழுத்திருக்கிறார். மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிட்டது. கிளினிக் தாதி பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தார்.

நம் கடையும் நம் மூச்சும்

கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போல இருக்கிறது. பஸ் புகையும் லொறிப் புகையும் இலகுவில் கலைந்து போவதில்லை. அதன் மேல் நம் தொழில் தூசு. கொச்சிக்காய் அரவை, மா அரவை, பேக்கரி, மரக்காலை என்று எத்தனை பேர் முகத்தில் ஒரு துணியைக்கூடக் கட்டாமல் நிற்கிறார்கள்! விறகடுப்புப் புகையில் சமைத்த நம் உம்மாமாருக்கும், சிகரட்டைத் தொட்டே பார்க்காமல், இதே நோய் வருகிறது.

நானாவோடு போன அன்று நானும் ஊதிப் பார்த்தேன். நான் புகைத்ததே இல்லை. இருந்தும் இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் குறைவு. முப்பது வருட அரவை அறை. அடுத்த மாதமே அந்த அறைக்குத் தூசு உறிஞ்சும் விசிறி போட்டேன். வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தடித்த முகமூடி வாங்கினேன். அவர்களையும் ஊத வைத்தேன். அவர்களின் மூச்சும் என் பொறுப்பில் உள்ள அமானிதம் அல்லவா?

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கடை முன்பக்கத்தில் சிகரட் பெட்டி ஒன்று இருந்தது. நானாவின் சிகரட் அந்தப் பெட்டியிலிருந்துதான் போனது. "அதை எடுத்தால் வாடிக்கை குறையும்" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எடுத்தோம். முதல் இரண்டு மாதம் வாடிக்கை குறைந்ததும் உண்மை. காலையில் சிகரட்டுக்கு வந்து சீனியும் தேயிலையும் வாங்கிப் போன சிலர் வருவதில்லை. அந்த நட்டத்தை இன்றுவரை முழுதாக ஈடுசெய்யவில்லை. ஆனால் அண்ணன் மூச்சுக்குத் தவிக்கும்போது தம்பி அதே சரக்கை விற்று வந்த காசில் பரக்கத்தை எதிர்பார்க்க எனக்கு முகம் இல்லை.

கைச்சாத்திட முன் கேளுங்கள்

உங்கள் வீட்டிலும் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கலாம். ஓர் ஏஜண்ட் வந்து கதவைத் தட்டலாம். காசு கொடுக்க முன் இவற்றைக் கேளுங்கள்.

1. நோயின் சரியான பெயர் என்ன? ஊதிப் பார்த்த அறிக்கை எங்கே?

2. சீ.ரி. ஸ்கேனைச் சிகிச்சை செய்யப் போகிறவரே பார்த்தாரா? இடையில் நிற்பவர் சொல்வது போதாது.

3. இந்தச் சிகிச்சை எப்படிப்பட்ட நோயாளிக்குப் பொருந்தும்? இவர் அவர்களில் ஒருவரா?

4. எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குக் கெடுதி?

5. திரும்பி வந்த பிறகு மாதாமாதம் என்ன மருந்து, யார் பார்ப்பது?

6. இதைச் செய்யாவிட்டால், இங்கேயே கிடைக்கும் வழி என்ன?

இவற்றுக்கு நேரான பதில் கிடைத்து, சிகிச்சையும் பொருந்துமானால், தாராளமாகப் போங்கள். கடையை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் விற்கவும் செய்யலாம். உயிரைவிடக் கடை பெரிதல்ல. நான் சொல்வதெல்லாம், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதுதான்.

நானா குணமாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி எழுத முடியாது. கிழிந்தது கிழிந்ததுதான். ஆனால் இப்போது காலையில் இரண்டு மணித்தியாலம் கல்லாவில் உட்காருகிறார். பள்ளிப் படிகளில் இரண்டு இடத்தில் நின்று மேலே வந்துவிடுகிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே ஒருவர் ஊதிப் பார்க்கச் சொல்லியிருந்தால், நாங்களும் கேட்டிருந்தால், இன்னும் எத்தனை படி மிஞ்சியிருக்கும் என்று மதினி சில நேரம் கேட்பார். என்னிடம் பதில் இல்லை.

நாற்பது தாண்டியவர்களே, புகைப்பவர்களே, தூசில் நிற்பவர்களே, படியேறும்போது நடுவில் நிற்பவர்களே! அடுத்த வாரமே போய் ஒரு முறை ஊதிப் பாருங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தேக ஆரோக்கியத்தையும் ஹலாலான றிஸ்கில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.